துலிப் முடிந்த பிறகு போன பயணம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்போது நானும் கணவரும் பிள்ளையும் சுவிட்சர்லாந்தில் லாங்கன்தால் என்ற சிறிய ஊரில் இருந்தோம். அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் எனக்கு வேலை. மரக்கறி வெட்டுவது, தட்டுகளில் சாப்பாடு போடுவது, பிறகு எல்லாவற்றையும் கழுவி அடுக்குவது. என்னோடு அதே மேசையில் நின்று வேலை செய்தவர் ஒரு சுவிஸ் பெண். ஐம்பதை நெருங்கிய வயது, தனியாக இருந்தார். ஊரின் ஓரத்தில் ஒரு சின்னத் தோட்டத் துண்டை வாடகைக்கு எடுத்து, அதில் காய்கறியைவிடப் பூக்களைத்தான் அதிகம் வளர்த்தார். என் அரைகுறை ஜேர்மன் மொழியைக் கேட்டு அவர் சிரித்ததில்லை, திருத்தியதுமில்லை. விளங்காவிட்டால் இன்னொரு தடவை சொல்லச் சொல்வார், அவ்வளவுதான்.

ஒரு பனிக்காலத்தில், நான் அவருடைய இடது பக்கத்தில் விட்டிருந்த தள்ளுவண்டியில் அவர் போய் மோதி, சூப் தட்டுகள் எல்லாம் கீழே விழுந்து உடைந்தன. வண்டியைப் பாதையில் விட்டது என் பிழை என்று நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை உட்கார வைத்துக் கோப்பி போட்டுத் தந்து, விசயத்தைச் சொன்னார். அவருக்குக் கண்ணில் ஒரு பரம்பரை வியாதி. பார்வை ஓரங்களிலிருந்து மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வருகிறது. நடுவில் ஒரு வட்டம் மட்டும் தெளிவாகத் தெரியும். அவர் சொன்னதை எங்கள் தமிழில் சொன்னால், "ஒரு குழாய்க்குள்ளால பாக்கிற மாதிரி." பொழுது பட்டால் அதுவும் இல்லை. சைக்கிள் ஓடுவதை ஏற்கெனவே விட்டுவிட்டாராம். நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. அவரோ அதைப் பல்வலியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, உடைந்த தட்டுகளைக் கூட்ட எழுந்துவிட்டார்.

அடுத்த நாள் இடைவேளையில் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். வட்டம் கொஞ்சம் பெரிதாக இருக்கும்போதே ஒரு வசந்தத்தில் நெதர்லாந்துக்குப் போய் துலிப் வயல்களையும் தோட்டங்களையும் பார்க்க வேண்டும், அந்த நாட்டு ஓவியர்கள் வரைந்த பூக்களை அருங்காட்சியகங்களில் நேரே பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. தனியே போக முடியாது, துணைக்கு ஆள் வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் அவர் கேட்டது வேறு. உனக்கு அந்த நாட்டைப் பார்க்க ஆசை இருக்கிறதா என்றுதான் கேட்டார்.

இருந்தது. நான் மட்டக்களப்பில் பிறந்தவள். எங்கள் ஊரில் கச்சேரி என்று நாங்கள் சொல்லும் அரசாங்க அலுவலகம் நடப்பது, ஒல்லாந்தர், அதாவது அந்த நெதர்லாந்துக்காரர், கட்டிய கோட்டைக்குள். அடையாள அட்டைக்காகவும் மற்ற அலுவல்களுக்காகவும் அந்தக் கோட்டை வாசலில் வரிசையில் நிற்கும்போதெல்லாம், இவ்வளவு பெரிய கல்லை இங்கே வந்து அடுக்கிவிட்டுப் போனவர்களின் சொந்த ஊர் எப்படி இருக்கும் என்று யோசித்திருக்கிறேன். இதைச் சொன்னபோது அவர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, சுவிஸ் பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் தனக்கு யாரும் சொல்லித் தரவில்லையே என்றார்.

அந்தப் பனிக்காலம் முழுவதும் நாங்கள் பயணத்தைப் போட்டோம். போட்டோம் என்றால், அப்படித் திட்டம் போட்டோம். ரயில் நிலையத்தில் எடுத்த கையேடுகள், நூலகத்திலிருந்து கொண்டு வந்த ஓவியப் புத்தகங்கள், ஒரு பெரிய வரைபடம் எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் விரித்துவிடுவோம். அவர் ஒரு ஊரின் பெயரில் விரலை வைத்தபடி மற்ற ஊரைத் தேடுவார். விரலை எடுத்துவிட்டால் முதல் ஊர் தொலைந்துவிடும். அம்ஸ்ரடாம், ஹார்லெம், லைடன், ஹேக் என்று நான்கு ஊர்களைத் தெரிவு செய்தோம். வெளிச்சம் இருக்கும்போதே ஒவ்வொரு ஊருக்கும் போய்ச் சேர வேண்டும். படிகள் குறைந்த விடுதியாக இருக்க வேண்டும். எந்த அருங்காட்சியகம் எந்த நாளில் பூட்டு என்று பார்ப்பது என் பொறுப்பு. தோட்டங்கள் அவருடைய பொறுப்பு. வயல்கள் முழுவதும் பூத்து நிற்கும் கிழமை எதுவென்று விசாரித்து, அதை ஒட்டியே இருவரும் லீவு போட்டோம்.

என் கணவர் யாழ்ப்பாணத்தவர். முதலில் அவருக்கு இது விளங்கவில்லை. "ரெண்டு நாடு தாண்டிப் பூப் பாக்கப் போறீரோ? இஞ்ச பல்கனியில இல்லாத பூவோ?" என்று பகிடி பண்ணினார். பிறகு அந்தக் கண் விசயத்தைச் சொன்னதும் பகிடியை நிறுத்தினார். பிள்ளையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

தடங்கல் விசாவில் வந்தது. சுவிஸ்காரியான என் தோழிக்கு அடையாள அட்டை போதும். என்னிடம் இருந்தது இலங்கைப் பாஸ்போர்ட்டும், சுவிசில் இருப்பதற்கான பி பெர்மிட்டும். பேர்னுக்குப் போய் நெதர்லாந்துத் தூதரகத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் மேலிடத்துக்கு அனுப்பிக் கேட்க வேண்டும், நாளெடுக்கும் என்றார்கள். எங்கள் லீவு நெருங்கியது. பதில் இல்லை. லீவு நாட்களும் வந்து போயின. "எங்கட பாஸ்போட்டைக் கண்டா எல்லாருக்கும் ஒரு யோசனைதான்," என்றார் கணவர்.

தோழி விடுதிகளுக்குத் தொலைபேசி எடுத்துப் பயண நாட்களை மாற்றினார். பிறகு மறுபடியும் மாற்றினார். இதற்குள் அவருடைய தங்கை தான் கூட வருவதாகச் சொல்லியிருந்தார் என்று எனக்குத் தெரிய வந்தது. நான் அவரிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன், தங்கையோடு போய் வாருங்கள், பூ முடிந்துவிடும், என் விசா வந்தாலும் வரும், வராவிட்டாலும் இல்லை என்று. அவர் கரட் சீவிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே சொன்னார்.

"இந்தப் பயணத்தை நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்துதான் போட்டது. நீ இல்லாமப் போனா அது வேற பயணம்."

அதற்கு மேல் அதைப் பற்றிக் கதைக்க அவர் இடம் தரவில்லை.

விசா வந்தபோது மே மாதம் முடியும் தறுவாயில் இருந்தது. கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்த மனுசி உமக்காண்டி நிண்டிருக்கிறா. யோசிக்காமப் போயிட்டு வாரும்," என்றார்.

பாசலைத் தாண்டியதும் ஜேர்மன் எல்லைப் பொலிசார் ரயிலுக்குள் ஏறினார்கள். சுவிசுக்கு அகதியாக வரும்போது நான் எல்லைகளைக் கடந்தது ஒளிந்துதான். அந்த நினைவில் சீருடையைக் கண்டாலே கேட்பதற்கு முன்பே பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துவிடுவேன். ஒருவர் என் பாஸ்போர்ட்டை வாங்கி நீண்ட நேரம் புரட்டினார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். தோழி எனக்காகப் பதில் சொல்லியிருக்கலாம். என்னை அறிந்த சுவிஸ்காரர் பலரும் அப்படித்தான் செய்வார்கள், நல்ல மனதோடுதான் செய்வார்கள். அவர் வாயே திறக்கவில்லை. என் பக்கம் திரும்பி, நான் சொல்லப்போவதைத் தானும் கேட்க வேண்டும் என்பதுபோல் இருந்தார். ஓவியம் பார்க்கப் போகிறோம் என்று நானே சொன்னேன். அந்த மனிதர் முத்திரையைக் குத்திவிட்டு, நல்ல பயணம் என்று வாழ்த்திப் போனார்.

அதன் பிறகுதான் தோழி ஒரு விசயத்தைச் சாதாரணமாகச் சொன்னார். வசந்தத்தின் தொடக்கத்தில் டொக்டரிடம் போனபோது, வட்டம் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுருங்குகிறது என்று சொல்லிவிட்டார்களாம். அப்படியென்றால் விடுதிகளில் பயண நாட்களை மாற்றிக்கொண்டிருந்தபோது அது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் என்னைத் தங்கையோடு அனுப்பிவிட்டிருப்பாய் என்றார். ரைன் நதி ஜன்னலுக்கு வெளியே கூடவே வந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

லைடனுக்கும் ஹார்லெமுக்கும் இடையில் வயல்கள் பச்சையாகக் கிடந்தன. ஒரு பூ இல்லை. கிழங்கு பெருக்க வேண்டும் என்பதற்காகப் பூத்தலைகளைக் கொய்துவிடுவார்களாம். கால்வாய் ஓரங்களில் அவை குப்பையாகக் குவிந்து கறுத்துப்போயிருந்தன. நாங்கள் பார்க்க நினைத்திருந்த, பெயர்போன பெரிய துலிப் தோட்டத்தின் வாசலும் அந்த ஆண்டுக்கு மூடியாயிற்று. மூடியிருக்கும் என்று தெரிந்தும் போய்ப் பார்த்தோம். தோழி கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, எங்கள் சமையலறையில் கீரை தீர்ந்துபோன நாளில் சொல்வதுபோல, சரி, வேறு என்ன இருக்கிறது பார்ப்போம் என்றார்.

வழியில் ஒரு கட்டடத்தில் 'கன்தோர்' என்ற சொல்லை எழுத்துக்கூட்டி வாசித்து நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அலுவலகத்தை நாங்கள் கந்தோர் என்றுதான் சொல்வோம். அது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் என்று தெரியாமல், தமிழ்ச்சொல் என்றே நினைத்திருந்தேன். விளக்கிச் சொன்னதும் தோழி அந்தப் பலகை முன்னால் என்னை நிறுத்திப் படம் எடுத்தார்.

ஹார்லெமில் ஓர் அருங்காட்சியகத்தில், சின்ன அறை ஒன்றின் சுவரில் ஒரு பூச்சாடி ஓவியம் இருந்தது. கறுப்புப் பின்னணியில் ஒரு சாடி நிறையப் பூக்கள். நான் முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்து, அழகு என்று சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகரப் போனேன். அவருக்கு அப்படி முடியாது. முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், தன் வட்டத்துக்குள் ஒவ்வொரு பூவாக எடுத்துப் பார்க்க வேண்டும். அவர் கிட்டப் போகப் போக, மூலையில் நின்ற சீருடைக் காவலர் எங்களையே கவனிக்கத் தொடங்கினார். கடைசியில் நடந்து வந்தார். தோழி தன் கண்ணைப் பற்றிச் சொன்னார். காவலர் போய், ஒரு மடிப்பு நாற்காலியோடு திரும்பி வந்தார். அதை ஓவியத்துக்கு மிக நெருக்கமாக, மற்றவர்கள் தாண்டக்கூடாத கோட்டுக்கு உள்ளே போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி போய், இன்னொரு நாற்காலி கொண்டு வந்து பக்கத்தில் போட்டார்.

அவருடைய கண்ணாக இருக்கத்தான் நான் வந்தேன் என்று நினைத்திருந்தேன். அந்த அறையில் அவர்தான் எனக்குக் காட்டினார். இதழில் நிற்கும் தண்ணீர்த் துளி. அதில் தெரியும் ஜன்னல். புழு அரித்த இலை. தண்டில் ஏறும் எறும்பு. வெள்ளையில் சிவப்புக் கோடு ஓடும் துலிப் பூக்கள், நாங்கள் தேடி வந்தவை, அங்கே வாடாமல் இருந்தன. வேறு ஆட்கள் வந்தால் அந்தக் காவலர் மெல்ல மற்றப் பக்கம் கூட்டிப்போனார். எங்களை யாரும் அவசரப்படுத்தவில்லை.

திடீரென்று தோழி சிரித்தார். "இது பொய்ச் சாடி," என்றார். "துலிப்பும் இந்த ரோஜாவும் ஒண்டாப் பூக்காது. என்ர தோட்டத்தில ஒண்டு முடிஞ்சு கன நாளைக்குப் பிறகுதான் மற்றது."

காவலருக்கு ஜேர்மன் தெரியும். உண்மைதான் என்றார். அந்தக் காலத்து ஓவியர்கள் சிலர் ஒவ்வொரு பூவும் பூக்கும் பருவத்தில் அதை மட்டும் வரைந்துவிட்டு, அடுத்த பூ வரும்வரை படத்தை அப்படியே வைத்திருப்பார்களாம். ஒரு சாடி நிறைய மாதக்கணக்கில் ஆகுமாம்.

தோழி மறுபடி அந்தச் சாடியைக் கிட்டப் பார்த்தார். பிறகு, "அப்ப இதை வரைஞ்சவரும் காத்திருந்திருக்கிறார்," என்றார். என் பக்கம் திரும்பவில்லை. அவருடைய கை மட்டும் ஓரத்தில் தடவி என் கையைத் தேடியது. நான் கொடுத்தேன்.

சில ஆண்டுகளில் அந்த வட்டம் முழுவதும் மூடிவிட்டது. இன்றும் நாங்கள் தொலைபேசியில் பேசிக்கொள்கிறோம். அந்தச் சாடியில் எந்தப் பூவுக்குப் பக்கத்தில் எந்தப் பூ இருந்தது என்பதில் எங்களுக்குள் இன்னும் சண்டை வரும். பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரி.

அகதியாக வந்த எனக்கு இந்த நாட்டில் எத்தனையோ பேர் உதவியிருக்கிறார்கள். துணி தந்தவர்கள், வேலை பிடித்துத் தந்தவர்கள், வீடு பார்த்துத் தந்தவர்கள் எல்லோருக்கும் நன்றியுள்ளவளாகவே இருக்கிறேன். ஆனால் தன் பார்வை போய்க்கொண்டிருந்த ஒரு வசந்தத்தில், நீ இல்லாமல் போகமாட்டேன் என்று ஒருவர் எனக்காக நின்றாரே, அன்றுதான் நான் இந்த நாட்டுக்கு உண்மையாக வந்து சேர்ந்தேன் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.