பாண்டான் இலை போட்ட பொங்கல்

சிங்கப்பூர்த் தமிழ் வானொலியில் நான் தயாரிப்பாளராக இருந்தபோது நடந்தது இது. ஒரு பொங்கலுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை. சிராங்கூன் சாலை ஓரத்தில், கரும்புக் கடைகளுக்குப் பக்கத்தில் மேசை போட்டிருந்தோம். பொங்கலின் சிறப்பைப் பேச வேண்டிய பேராசிரியருக்குக் காலையில் தொண்டை கட்டிவிட்டது. நேரலை தொடங்கச் சில நிமிடங்களே இருந்தன.

கரும்புக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கெஞ்சி அழைத்து வந்து மைக் முன்னால் உட்கார வைத்தேன். பெயர் புஷ்பா. வீடு தெம்பனிஸில், வேலை சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில். எப்படிப் பொங்கல் வைப்பீர்கள் என்று கேட்டேன்.

"கேஸ் அடுப்புதான்லா. வாசனைக்கு ரெண்டு பாண்டான் இலைய முடிஞ்சு பானையில போட்டுருவேன், எங்க அடுக்குமாடி புளோக்கே மணக்கும். மொதக் கிண்ணம் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாவுக்கு."

ஹெட்போனில் எங்கள் தலைவர் ஜெயராமன் சாரின் குரல் வந்தது. எனக்கு உச்சரிப்பு சொல்லிக் கொடுத்தவர் அவர். "செல்வி, இது வானொலியில பேசுற தமிழா? பாட்டப் போட்டு முடி."

அதற்குள் கூட்டத்திலிருந்து ஓர் இளைஞர் முன்னால் வந்தார். முருகேசன், புதுக்கோட்டைக்காரர், கப்பல் பட்டறைத் தொழிலாளி. "பாண்டான் போட்டா அது எப்படிக்கா பொங்கலாகும்?" என்று கேட்டுவிட்டார். கேள்வி அப்படியே ஒலிபரப்பானது. புஷ்பாவின் முகம் சிவந்தது. எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன்.

அவர் மைக்கை இழுத்து வைத்துக்கொண்டார். "எங்க வீட்டுல எப்பவும் இப்படித்தான் தம்பி. நாங்களும் தமிழங்கதான். நாளைக்கு வேலை முடிஞ்சு வீட்டுக்கு வா. சாப்பிட்டுட்டுச் சொல்லு."

நான் பாட்டுப் போடவில்லை. நிலையத்துக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. ஒருவர் வெல்லத்துக்குப் பதில் குலா மலாக்கா என்ற தென்னஞ்சர்க்கரை போடுவதாகச் சொன்னார். குவீன்ஸ்டவுன் அம்மா ஒருவர் பாண்டானோடு தேங்காய்ப்பாலும் சேர்ப்பாராம். மரபைக் கெடுக்கிறீர்கள் என்று திட்டியவரும் உண்டு. எல்லாரையும் பேசவிட்டோம்.

மறுநாள் சார் கூப்பிட்டார். திட்டு விழும் என்றுதான் போனேன்.

"நேத்து பூரா உக்காந்து கேட்டேன். இவங்க பேசுறதுதான் நம்ம ஊரு. இவங்களப் பேசவிட வாரம் அரை மணி நேரம் எடுத்துக்க. செய்தி மட்டும் என் தமிழ்லதான் போகணும்" என்றார்.

அந்த அரை மணி நேரம் நான் ஓய்வு பெறும்வரை நடந்தது. புஷ்பா வீட்டில் அன்று சாப்பிட்ட முருகேசன், திருமணமாகி ஊரோடு போன பிறகு ஒரு பொங்கலன்று புதுக்கோட்டையிலிருந்து எங்கள் நிகழ்ச்சிக்கு அழைத்தார். "பாண்டான் இலை கொண்டாந்து போட்டேன்க்கா. எந்த ஊருப் பொங்கல்டா இதுன்னு அம்மா கேட்டாங்க. சிங்கப்பூர்த் தமிழங்க பொங்கல்னு சொன்னேன்."

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நேயர்கள் தங்கள் வீட்டைப் பற்றிப் பேசினால், அவர்கள் தமிழிலேயே பேசி முடிக்க நேரம் கொடுங்கள். எனக்கு அந்த நேரத்தைக் கொடுத்தவர் ஜெயராமன் சார். இப்போதும் பொங்கலன்று என் முதல் அழைப்பு அவருக்குத்தான்.