சென்னையிலிருந்து வராத பாடகி

என்னைக் கர்நாடக சங்கீதப் பாடகி என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் உட்கார்ந்து யோசித்தால், பெங்களூரில் நான் கச்சேரி செய்ததைவிட மற்ற இடங்களில் தொண்டையைக் கொடுத்ததுதான் அதிகம். ஊதுபத்தி விளம்பரத்துக்குப் பாடினேன், காபித்தூளுக்குப் பாடினேன். பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் பிள்ளைகளின் கூச்சலுக்கு மேல் பாடினேன். ஹெப்பகோடிப் பக்கம் ஒரு கம்பெனி விழாவில் குத்துவிளக்கு ஏற்றும்போது பாடக் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போய் மூன்று நிமிடம் பாடிவிட்டு வந்தேன். எல்லாரும் எழுந்து நின்று கேட்டார்கள். கச்சேரியில் எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

இத்தனைக்கும் ஆரம்பம் ஒக்கலிபுரத்தில் இருந்த ஒரு சின்ன ஸ்டுடியோ. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வெளிச் சத்தம் வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய அறை அது. அதற்குள் உட்கார்ந்துதான் பக்திப் பாட்டு பாட வேண்டும். ரயில் கூவினால் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து. என் வேலை டிராக் பாடுவது. சென்னையிலிருந்து ஒரு பெரிய பாடகி வருவார். அவர் கேட்டுப் பழகுவதற்காக அவருடைய சுருதியில் நான் முன்கூட்டிப் பாடி வைக்க வேண்டும். அவர் பாடியதும் என் குரலை அழித்துவிடுவார்கள். என் சுருதி ஐந்து கட்டை, அவருடையது ஐந்தரை. அந்த வயதில் அரைக் கட்டை ஏறிப் பாடுவது ஒரு விஷயமே இல்லை.

கண்ணனைத் துயில் எழுப்பும் எட்டு கன்னடப் பாட்டுகள். டிராக் பாடுகிறவர்கள் சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. எப்படியும் அழிக்கத்தானே போகிறார்கள் என்று கடைசிப் பாட்டின் முடிவில் மேலே போய் ஒரு சுற்று சுற்றி இறங்கினேன். என்னுடைய ஒரே குறும்பு அது.

பெரிய பாடகி வரவேயில்லை. காய்ச்சல் என்றார்கள், வெளிநாடு என்றார்கள். பண்டிகை நெருங்கிவிட்டது. கேசட் என் குரலோடு, அட்டையில் அவருடைய படத்தோடு கடைக்கு வந்தது. ஸ்டுடியோக்காரர் கையைக் கூப்பி, "மேடம், ப்ளீஸ், யாரிகூ ஹேளபேடி, யார்கிட்டயும் சொல்லாதீங்க. வெளியே தெரிஞ்சா நான் காலி. உங்களுக்கு வேலை குடுத்துட்டே இருப்பேன்" என்றார். சொன்னபடி கொடுத்தார். ஊதுபத்தியும் காபித்தூளும் அப்படி வந்தவைதான். அன்று எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் கேசட்டை முதல் வாரமே வாங்கி வந்தவர் என் மாமியார். மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ் மனுஷி, சாமியிடம் கன்னடத்திலும் எங்களிடம் தமிழிலும் பேசுவார். காலை ஐந்தரைக்கு டேப் ரிக்கார்டர் ஓட ஆரம்பிக்கும். கடைசிப் பாட்டு வரும்வரை காபியைத் தொட மாட்டார். அந்தச் சுற்று வந்ததும் என்னைப் பார்த்து, "எஷ்டு சென்னாகி, எத்தனை அழகாப் பாடறா பாரு! பாட்டுன்னா இதுடீ. நீயும் கொஞ்சம் கேட்டுக்கோ" என்பார்.

என் கச்சேரிகளுக்கும் வருவார், முன் வரிசையில்தான் உட்காருவார். வீடு திரும்பும்போது ஆட்டோவில், "மைக் சரியில்லே" என்பதோடு விமரிசனம் முடியும். உள்ளூர் மாடு விலை போகாது என்பது சரிதான். அதிலும் ஒரே வீட்டு மாடு என்றால் கேட்கவே வேண்டாம். ராமநவமிப் பந்தலில் நான் உயிரைக் கொடுத்துத் தோடி பாடியபோதுகூட மைக்தான் சரியில்லை.

அவர் வாயால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நன்னாப் பாடினே" என்று கேட்க வேண்டும். இந்த ஆசை சிறுபிள்ளைத்தனம் என்று தெரியும், ஆனாலும் போகவில்லை. கணவருக்கு விஷயம் தெரியும். "சொல்லிடேன், முகம் எப்படிப் போறதுன்னு பாக்கலாம்" என்று சீண்டுவார். எத்தனையோ காலைகளில் வாய்வரை வந்ததை விழுங்கியிருக்கிறேன். கொடுத்த வாக்கு ஒரு சாக்குதான். உண்மையில் பயம். நான்தான் என்று தெரிந்தால் அந்தப் பாட்டும் அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டால்? இருக்கிறது அது ஒன்றுதானே.

இப்படியே பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. கேசட் போய் சிடி வந்தது. மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து படுக்கையோடு ஆனார். அதே மாதம் டேப் ரிக்கார்டர் அந்த நாடாவை உள்ளே இழுத்துக் குதறிவிட்டது. கணவர் கடை கடையாக அலைந்தார், கிடைக்கவில்லை. ஸ்டுடியோ இருந்த இடத்தில் மொபைல் கடை. காலையில் மாமியார் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். காபி ஆறி ஆடை கட்டிக் கிடக்கும்.

நாலாம் நாள் காலை சுருதிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தேன். பாடினால் தானே கண்டுபிடித்துவிடுவார், நான் சொல்லவே வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். ஐந்தரையில் வைத்துப் பார்த்தேன், முதல் வரியே எட்டவில்லை. ஐந்துக்கு இறக்கினேன், அதுவும் எட்டவில்லை. பள்ளிக்கூடக் கூச்சலும் தினம் மூன்று பாட்டு வகுப்பும் தொண்டையை என்ன செய்திருந்தன என்று அப்போதுதான் உறைத்தது. கடைசியில் நாலு கட்டையில் எட்டுப் பாட்டையும் பாடினேன். அந்தச் சுற்றுக்கு மேலே போனேன். பாதியில் குரல் பிசிறி, குறுக்கே இறங்கிவிட்டேன்.

மாமியார் கண்ணை மூடியபடி முழுக்கக் கேட்டார். பிறகு என் முழங்கையைத் தொட்டார்.

"நன்னாத்தான் பாடினே. ஆனா அவ மாதிரி வரலேடீ."

பத்து வருடமாகக் காத்திருந்த வார்த்தையும் வந்துவிட்டது, அதன் வாலும் வந்துவிட்டது. நான்தானம்மா அவள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் காதில் ஒரு குறையும் இல்லை. சரியாகத்தான் கேட்டிருந்தார்.

"ஆமாம்மா, வரலை" என்றேன்.

காபியைச் சுட வைக்க உள்ளே போனேன். அந்தக் கேசட் போய்விட்டதே என்று அன்றைக்குத்தான் நானும் அழுதேன்.