கேலிமுறை

ஷாவா தரையில் விழுந்து புரண்டு அழுதான். தலையில் அடித்துக்கொண்டு, காலை உதறி, தொண்டை கிழிய.

"ஐயோ என் ராசா! எண்ணெயாக் குடிச்சு வயித்தக் கெடுத்துக்கிட்டியே! இப்ப இப்படி மூக்கறுந்து கெடக்கியே!"

இஞ்சின் கழற்றிய விமானம் கொட்டகை நடுவில் நின்றது. மெக்கானிக்குகள் சுற்றி நின்று சிரித்தார்கள்.

தையல் அறையிலிருந்து காலுபா வந்தாள். தோளில் ஒரு இருக்கை உறை. வாயில் கவ்வியிருந்த ஊசிகளை எடுத்துத் துணியில் குத்திக்கொண்டாள்.

"எந்திரிடா எலிதின்னி. பொண நாத்தம் புடிச்சு வந்துட்டியா?"

"பாருங்கடா குரங்குதின்னிய! எங்க தாத்தா ஈட்டி முனையில புடிச்சுட்டு வந்த அடிம, என்னய எந்திரிங்கறா."

"உங்க தாத்தாவா? எங்க ஊருக்கு ஓடி வந்தப்ப அந்தாளு இடுப்புல கோவணமே இல்லயாமே."

கொட்டகை அதிர்ந்தது. அவள் பெம்பா, அவன் ங்கோனி. பாட்டன்மார் ஒருவரையொருவர் வெட்டி மாய்ந்த இரண்டு கூட்டம். அதனால் பேரப்பிள்ளைகளுக்குள் கேலிமுறை. என்ன சொன்னாலும் கோபிக்கக் கூடாது, மனதில் வைக்கக் கூடாது. இழவு வீட்டில்கூட முறைக்காரன் வந்து செத்தவனைத் திட்டி எல்லாரையும் சிரிக்கவைப்பான். ன்டோலா ஊரில் யாரும் இதை யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

விமானக் கம்பெனி வாசலில் தையல்காரி தேவை என்று அட்டை தொங்கிய நாளில் காலுபா உள்ளே போனவள். அன்றைக்கு அவள் பள்ளிக்கூடச் சீருடைகளைத் தைத்து மூட்டையாகத் தலையில் சுமந்து போய்க்கொண்டிருந்தாள். மூட்டையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஒரு வார்ப்பட்டையைத் தைத்துக் காட்டினாள். அப்புறம் அந்த விமானங்களில் அவள் கை படாத இருக்கை இல்லை. விமானத்தில் அவள் போனது ஒரே தடவை, தலைநகர் லுசாக்காவுக்கு. ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. முன்னிருக்கை உறையில் ஓரிடத்தில் தையல் கோணியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு போய் இறங்கினாள்.

அவள் புருஷன் முத்தாலே கொத்தனார். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிற்று. வாரம் இரண்டு தரம் டயாலிசிஸ். கம்பெனி தந்த மருத்துவ அட்டை இருந்ததால் தனியார் கிளினிக்கில் நடந்தது. வேலையிடத்தில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அட்டைகளைப் பதிகிற குமாஸ்தா ன்கான்டுவுக்கு மட்டும் தெரியும். சிரிக்கவைக்கிறவள் என்று பேரெடுத்தவளுக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை.

நஷ்டம் என்று கம்பெனி இரண்டு வழி சொல்லியிருந்தது. பாதிச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டால் வேலையும் அட்டையும் இருக்கும். இல்லையென்றால் மூடிவிட்டுக் கணக்குத் தீர்ப்பார்கள். எது வேண்டும் என்று அன்று மாலை கை தூக்க வேண்டும். ஷாவாவுக்கு சோல்வெசிச் சுரங்கத்தில் லாரி மெக்கானிக் வேலை தயாராக இருந்தது. கொட்டகையில் பாதிப் பேர் அவன் வாயைத்தான் பார்த்தார்கள்.

மத்தியானம் அவன் ன்ஷிமாக் களியை உருட்டிக் கருவாட்டுக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தபோது காலுபா எதிரே போய் உட்கார்ந்தாள்.

"ஷாவா. பாதிச் சம்பளம் போதும்னு சொல்லுடா. நீ சொன்னா கேப்பாங்க."

"ஏன், பாதி குரங்குதான் கெடைக்கும், பரவாயில்லயா?"

"வீட்ல அவருக்கு சிறுநீரகம் போயிடுச்சு. அட்டை இல்லன்னா செத்துடுவாரு."

"பெம்பாக்காரனுக்கு சிறுநீரகம் எதுக்கு? பீரு நேரா வெளிய வந்துடுமே!"

பக்கத்து மேசையில் சிரித்தார்கள்.

"வெளையாடல ஷாவா."

"வெளையாடலன்னு சொல்றா பாரு, அதான்டா வெளையாட்டு!"

அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. அதைப் பார்த்ததும் ஷாவா குழம்புக் கையால் மார்பில் அடித்துக்கொண்டு அவளைவிடச் சத்தமாக அழுதான். "முத்தாலே! என் பொண்டாட்டிய விட்டுட்டுப் போறியே! கவலப்படாத, நான் வச்சுக்கறேன்!" ஒருவன் சிரித்துப் புரையேறினான். காலுபா வாயைத் திறந்தாள். "உன்கூட வந்தா எலி புடிக்கவே பொழுது போயிடும்டா" என்று வந்தது. அது தானாக வந்தது. அவளும் சிரித்தாள். எழுந்து தையல் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

மாலையில் ஷாவா ஒரு சக்கரத்தின் மேல் ஏறி நின்று பேசினான். "பாதிச் சம்பளத்துக்கு ஒத்துக்கிட்டா அடுத்த வருஷம் கால்வாசிம்பான். கையில தொழில் இருக்கறவன் ஏன்டா பிச்ச எடுக்கணும்?" மூடட்டும் என்று கைகள் உயர்ந்தன. எண்ண வேண்டியிருக்கவில்லை. பாதிச் சம்பளத்துக்குக் கை தூக்கிய சிலரில் காலுபாவும் இருந்தாள். ஷாவா அவளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

வீடு திரும்பி அடுப்பு மூட்டும்போது வாசலில் ஆள் நின்றது. ஷாவா. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். நோய் நிஜம்தான் என்று பஸ்ஸில் ன்கான்டு சொல்லியிருக்கிறாள்.

"அம்மா" என்றான்.

அவள் கேலிக்குக் காத்திருந்தாள்.

"யாருடா அம்மா? இன்னிக்கு எலி ஒண்ணும் மாட்டலயா?"

அவன் தரையைப் பார்த்தான். "நீங்க சொன்னப்ப எனக்குப் புரியலங்கம்மா. மன்னிச்சிடுங்க."

"எலிதின்னி. ஏய். உள்ள வாடா."

"இல்லங்கம்மா. வரேங்க."

அந்த 'ங்க' அவள் மேல் விழுந்துகொண்டே இருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் ஒரு தரம்கூட மரியாதையாகப் பேசியதில்லை.

உள்ளேயிருந்து முத்தாலே, "யாரது, சத்தமே இல்லாம?" என்றார்.

"யாருமில்ல" என்றாள் காலுபா. "கம்பெனிக்காரர்."

மறுநாள் முத்தாலேயைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அட்டை மாதக் கடைசிவரை செல்லும் என்று மேசையில் இருந்த பெண் சொன்னாள். குழாய் மாட்டினார்கள். அவர் தூங்கினார். மத்தியானம் காலுபா கொட்டகைக்குப் போய்க் கத்தரிக்கோலையும் அறைச் சாவியையும் ஒப்படைத்தாள். ஷாவா காலை பஸ்ஸில் சோல்வெசி போய்விட்டதாகச் சொன்னார்கள். வரும் வழியில் சோளமாவும் ஒரு கட்டுக் கீரையும் வாங்கினாள். சாயங்காலம் மழை பெய்தது.