வரப்பை மறித்த பெண்கள்

சுதந்திர தினம், காலை ஆறரை மணி. கொற்கைக்குக் கிழக்கே உள்ள உப்பளத்தில், வெள்ளைக்காரன் காலத்துப் போலீஸாக வேடமிட்டவர்களும் சத்தியாகிரகிகளும் ஒரே தூக்குச்சட்டியிலிருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். ஊர்க்காரர்கள் நடத்தும் உப்புச் சத்தியாகிரக நாடகம் அது. செய்தி எடுக்கப் போயிருந்தேன்.

ஆண்கள் உப்பு அள்ள வேண்டும், பெண்கள் குலவையிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஊர்வலம் புறப்பட்டதும், அந்த உப்பளத்தில் வேலை செய்யும் பேச்சியம்மாளும் அவருடைய கூட்டாளிகளும் வரப்பை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

“வருசம் பூரா உப்பு அள்ளுதது நாங்க. இன்னைக்கு மட்டும் ஓரமா நின்னு குலவை போடவா?” என்றார் பேச்சியம்மாள்.

“கதையில பொம்பளைங்க இல்லம்மா,” என்றார் நாடகத்தை நடத்திய அண்ணாச்சி.

“இப்ப இருக்கோம்லா!”

போலீஸ் வேடத்தில் இருந்த பேச்சியம்மாளின் கொழுந்தன் செல்வம், கம்போடு முன்னால் வந்தார். “எந்திரிங்க மதினி.”

“அடிக்கத்தான கம்பு? அடிலே, பாப்போம்.”

செல்வம் திரும்பி, “அண்ணாச்சி, நெசமா அடிக்கணுமா?” என்றார்.

உப்பளமே சிரித்தது. பெண்கள் அசையவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் ஒவ்வொருவராக அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். வெறுமனே உட்கார்ந்திருப்பவர்கள் கம்பு வைத்திருப்பவனை எப்படி ஜெயிப்பார்கள் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்குச் சந்தேகம். கம்பை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்த செல்வத்தின் முகத்தைப் பார்த்ததும் அது தீர்ந்துபோனது.

“சரி தாயி, நீங்களே முன்ன போங்க,” என்றார் அண்ணாச்சி.

அன்று முதல் பிடி உப்பை அள்ளியவர் பேச்சியம்மாள். குலவையிட்டவர்கள் போலீஸ்காரர்கள்.