பலகையில் ஒரு வெள்ளைக் குச்சி

கூண்டின் உள்ளளவு ஐந்தடிக்கு நாலடி. மகள் ஒருநாள் டேப் பிடித்து அளந்து சொன்னாள்.

"லிஃப்ட்கூட இதைவிடப் பெருசும்மா."

"லிஃப்ட் மேல கீழ போகும்டி. இது எங்க போகுது?"

சதுப்புநிலப் பூங்காவின் வாசலில், அந்தச் சீட்டுக் கூண்டுக்குள், அம்மா இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தாள். அங்கே எல்லாருக்கும் அவள் கூண்டக்கா. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

கூண்டுக்கு ஒரே ஜன்னல், அது சாலையைப் பார்த்தது. அதன் பக்கத்தில் ஏறி இறங்க ஒரு கதவு. முதுகுக்குப் பின்னால் ஒரு தகரக் கதவு. அதைத் திறந்தால் பூங்கா: மரப்பலகை பாவிய நடைபாதை, ஏழு வளைவு, மூன்று குட்டை, கடைசியில் ஏரி. அந்த ஏரியை அம்மா பார்த்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று அப்போதிருந்த மேனேஜர் கடைசிவரை அழைத்துப் போனார். அன்றைக்கென்று பார்த்துப் பனிமூட்டம். "இதோ, இதுதான் ஏரி" என்று வெள்ளை வெளேரென்ற எதையோ காட்டினார். அம்மா மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வந்தாள்.

அதன்பிறகு போக விடாதது பலகை. சுவரில் மாட்டிய பலகையில் நூற்றிருபது துளைகள். ஒருவர் உள்ளே போனால் ஒரு குச்சி செருக வேண்டும். வெளியே வந்தால் உருவ வேண்டும். பெரியவர்களுக்கு வெள்ளை, குழந்தைகளுக்குச் சிவப்பு. ஒரு குச்சி மிச்சமிருந்தாலும் கூண்டை விட்டு இறங்கக் கூடாது. அவளுக்கு முன்னால் இருந்த ஒருவர், சேற்றில் கால் மாட்டியவரை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு வந்த விதி. பலகை காலியானதும் வாட்ச்மேன் பூட்டுவார், அம்மா பஸ்ஸுக்கு ஓடுவாள். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. அன்று துணி துவைக்கும் நாள்.

"ஒரு நாள் லீவு போட்டுட்டுப் போய்ப் பாரேன்."

"லீவு போட்டுட்டு வேலைக்குப் போறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?"

ஆனால் பூங்கா அவளுக்கு அத்துப்படி. திரும்பி வருகிறவர்களின் வாயும் செருப்பும் சொல்லிக் கொடுத்தவை. செருப்பில் கருஞ்சேறு என்றால் இரண்டாம் குட்டையில் இறங்கியிருக்கிறார்கள். பாவாடை ஓரத்தில் முள்விதை என்றால் நாலாம் வளைவில் பாதையை விட்டு விலகியிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்குச் சீட்டோடு வழியும் கொடுப்பாள். "மூணாவது வளைவுல சாய்ஞ்சுக்கிற மாதிரி பெஞ்ச் இருக்கு, முட்டி வலிச்சா உக்காருங்க. அஞ்சாவதுல பேசாம போங்க, நாரை எந்திரிச்சிடும்."

"தினமும் இதையெல்லாம் பாக்கறீங்க. குடுத்து வச்சவங்கக்கா நீங்க" என்றார் கேமராக்காரர் ஒருவர். அம்மா சீட்டைக் கிழித்து நீட்டினாள்.

உண்மையை மகளிடம் மட்டும் சொன்னாள், வெந்நீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு. "ரிட்டையர் ஆகறதுக்குள்ள அந்தத் தண்ணிய ஒரு தடவ நின்னு பாத்துடணும்டி."

"ஆனப்புறம் நான் கூட்டிட்டுப் போறேன்."

"சீட்டு வாங்கியா? வெளியாள் மாதிரியா? அதுக்குச் சும்மா இருக்கலாம்."

அந்த வருடம்தான் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்றார் டாக்டர். மகளுக்கு வால்வு தெரியும். ஆலை ஆலையாகப் போய் வால்வும் சென்சாரும் மாற்றுவதுதான் அவள் வேலை. இதை மாற்ற அம்மாவின் உடம்பு தாங்காது என்றார்கள்.

மகள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். எண்ணுகிற வேலையை இயந்திரம் செய்தால் அம்மா எழுந்து நடக்கலாம். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மேனேஜரிடம் பேசினாள். ஒரே மாதத்தில் வாசலில் சுழல்கதவு வந்தது. உள்ளே எத்தனை பேர், வெளியே எத்தனை பேர், மிச்சம் எத்தனை பேர் என்று சிவப்பு எழுத்தில் காட்டும்.

அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "அப்பன் தோள்ல உக்காந்து போற குழந்தைய இது எப்படிடி எண்ணும்?"

"மேல தனியா ஒரு சென்சார் வச்சிருக்கேன்மா. யாரும் தப்ப முடியாது."

அன்றிலிருந்து பலகையில் யாரும் குச்சி செருகவில்லை, காலியாகத் தொங்கியது. இயந்திரம் சீட்டும் கொடுத்தது. அப்படியென்றால் கூண்டு எதற்கு என்று மேனேஜர் யோசித்தார். மகள் யோசிக்காமல் விட்டது அதைத்தான்.

"மாசக் கடைசியோட நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா. உடம்பும் சரியில்ல பாருங்க."

"நல்லா செஞ்சடி" என்றாள் அம்மா, வீட்டுக்கு வந்து. "பெத்தவளுக்கே ஆப்பு." இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் உப்பு எங்கே என்று கேட்டாள். அத்தோடு சரி.

கடைசி நாள். மேனேஜர் ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்து, நாலு வார்த்தை பேசிவிட்டு, மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார். ஐந்தரைக்குப் பூங்கா மூடும், ஆறரைக்கு அம்மா வீட்டில் இருப்பாள். ஆறே முக்கால் ஆயிற்று. அம்மாவின் போன் அடித்தது, எடுக்கவில்லை. மகள் வாட்ச்மேனைக் கூப்பிட்டாள்.

"அக்கா அப்பவே போயிருக்குமேம்மா. உள்ள ஒரு ஈ காக்கா இல்ல. அறுபத்தொண்ணு உள்ள, அறுபத்தொண்ணு வெளிய, மிச்சம் பூஜ்யம். நீங்க வச்ச மெஷின்தான?"

அவள் வைத்த மெஷின்தான். ஆகவே நம்பினாள். பஸ் நிறுத்தத்தில் தேடினாள். பஸ் போகும் வழியெல்லாம் பார்த்தாள். மருத்துவமனை வாசலில் போய் விசாரித்தாள். முக்கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் பூங்காவுக்கே வந்து, வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு கூண்டைத் திறந்தாள். நாற்காலியில் கைப்பை. மேஜைமேல் போன், பிரிக்காத கடிகாரம்.

பலகையில், கடைசி வரிசையில், ஒரே ஒரு வெள்ளைக் குச்சி.

அம்மா சுழல்கதவு வழியாகப் போகவே இல்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம்; தகரக் கதவைத் திறந்துகொண்டு போயிருக்கிறாள். அந்தக் கதவில் சென்சார் இல்லை. ஆனால் போவதற்குமுன் கை தானாகத் தனக்கொரு குச்சி செருகியிருக்கிறது.

டார்ச் வெளிச்சத்தில் ஏழு வளைவும் ஓடினாள். வாட்ச்மேன் பின்னால் "அய்யோ அக்கா, அய்யோ அக்கா" என்று வந்தார். பாதை முடிகிற இடத்து பெஞ்சில் அம்மா சேலையைத் தலையோடு இழுத்துப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். கை பனிக்கட்டியாக இருந்தது.

"ஏன்டி இவ்வளவு நேரம்? கத்திக் கத்தித் தொண்ட கட்டிப் போச்சு."

"மெஷின் பூஜ்யம்னு காட்டுச்சும்மா."

"பலகையப் பாத்தா தெரியாதா?"

வாட்ச்மேன் தோட்டத்துத் தள்ளுவண்டியைக் கொண்டுவரப் போனார். மகள் தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டாள்.

"வெளியேறுற மணி கேக்கலையா?"

"கேட்டுது, அஞ்சாவது வளைவுல. உடம்பு தானா திரும்பிடுச்சு. நம்மளால வாசல்ல ஒருத்தன் காத்துக் கெடப்பானேன்னு ரெண்டடி திரும்பி நடந்துட்டேன். அப்புறம் நெனச்சேன், நான் எத்தன பேருக்குக் காத்துக் கெடந்திருக்கேன், இன்னிக்கு ஒரு நாள் எனக்காக எவனாவது காத்திருக்கட்டுமேன்னு." மூச்சு வாங்கியது. "எவனும் இல்ல."

மகள் அம்மாவின் கையைத் தேய்த்துவிட்டாள்.

"மூணாவது வளைவு பெஞ்சுல சாய்மானமே இல்லடி. எத்தன முட்டிவலிக்காரங்கள அனுப்பியிருக்கேன்!"

"ஏரியப் பாத்தியாம்மா?"

"பெருசுதான். வெளிச்சம் இருந்த வரைக்கும் பாத்தேன். அப்புறம் எங்க பாக்க, வாசலுக்குத் திரும்பி நடக்க மூச்சு இல்ல, தாண்ட முடியுமான்னு பூங்கா வேலியத்தான் பாத்தேன். எட்டடி இருக்கும்ல?"

"ஏழரை."

"ஒரு பறவ, முக்குளிப்பான், தண்ணிக்குள்ள முங்குச்சு. முங்கினது எங்க எழும்புதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எழும்பவே இல்ல. நான் வேற பக்கம் பாத்துட்டேனோ என்னமோ."

திரும்பும்போதும் தள்ளுவண்டியிலிருந்து கழுத்தைத் திருப்பி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அங்கே இருட்டுதான் இருந்தது.

அன்று அவசரத்தில் யாரும் குச்சியை உருவவில்லை. வண்டியைத் தகரக் கதவருகே விட்டு, கூண்டு வழியாக வெளியே வந்தார்கள், ஆட்டோ பிடித்தார்கள், மருத்துவமனைக்குப் போனார்கள். நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் மாதம் அம்மா போய்விட்டாள்.

கூண்டைப் பிரிக்கிறோம், ஏதாவது வேண்டுமா என்று மேனேஜர் போன் செய்தார். மகள் பலகையைக் கேட்டு வாங்கி வந்து, தன் வேலைமேஜைக்கு எதிரே மாட்டினாள். நூற்றிருபது துளைகள், ஒரு குச்சி. ஈரத்தில் ஊறி இறுகியிருக்கிறது, விரலால் இழுத்தால் வராது. இடுக்கியால் வரும். கருவிப்பெட்டியில் மூன்று இடுக்கிகள் இருக்கின்றன.

வேலை முடிந்ததும் விளக்கை அணைக்க எழுவாள். பலகையைப் பார்ப்பாள். மறுபடி உட்கார்ந்துவிடுவாள்.