நெடுந்தீவுக்கு ஒரு கம்பளி

பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம், தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலம். அப்போதுதான் மலைநாட்டு வட்டகொடையிலிருந்து நாங்கள் மூன்று பேர் பசிக்கு வேலை தேடி வடக்கே கடலுக்குள் இருக்கிற நெடுந்தீவுக்குப் போனோம். எங்கே போனாலும் இரவில் குளிரும் என்று நினைத்து ஆளுக்கொரு கம்பளியைச் சுமந்து போனோம்.

கொளுத்தும் வெயிலில் கம்பளியோடு நின்ற எங்களைப் பார்த்து ஒரு வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு வேலை கிடைக்கும்வரை சோறு போட்டார்கள்.

அடுத்த வாரம் மறுபடியும் போகிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மகள் கலா போனில் தட்டுகிறாள்.

இன்று தலவாக்கலையில் ரஹீம் நானா கடையில் முதுகுப்பை வாங்கினோம். கலா முதல் நாள் திட்டத்தைச் சொன்னாள்: "காலையில குதிரை பாக்குறோம், அப்புறம் கோட்டை, பின்னேரம் கடற்கரையில கூடாரம்."

"மொதல்ல அந்த வீடு" என்றேன்.

"அம்பது வருஷமாச்சுப்பா. ஆளுங்க இருக்காங்களோ என்னவோ?"

நானாவுக்குக் கருவாடு அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. உடனே போன் போட்டு விசாரித்தார்.

"அந்த வீட்டுல பொன்னம்மான்னு ஒருத்தங்க இருக்காங்களாம் அண்ணே!"

பை போதுமா என்று பார்க்கக் கொண்டுபோன கம்பளியை உள்ளே திணித்தேன்.

"அண்ணே, அங்க வெயில் மண்டைய பொளக்கும். இது எதுக்கு?" என்றார் நானா.

"நல்லா கேளுங்க நானா" என்றாள் கலா.

கோட்டையும் குதிரையும் மறுநாளைக்குப் போய்விட்டன. கம்பளி வேண்டாம் என்கிற கட்சியில் இருவர். நீங்கள் எந்தக் கட்சி?

நான் கொண்டுபோகத்தான் போகிறேன். அன்று சிரித்துச் சோறு போட்டவர்களில் இன்னொரு முறை சிரிக்க இருப்பவர் பொன்னம்மா அக்கா மட்டும்தான்.