ருக்மிணி மாமியின் அசையாத எண்

விஷ்ராந்த்வாடியில் ஒரே கட்டடத்தில் குடியிருந்த ஈனிட் டீச்சருக்கும் ருக்மிணி மாமிக்கும் ஒரே வருஷத்தில் இதய வால்வை மாற்றினார்கள். உலோக வால்வில் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை. குறைந்தால் உறைந்துவிடும், கூடினால் ரத்தம் கசியும். அளவு சரிதானா என்று பார்க்க அடிக்கடி ஒரு பரிசோதனை. எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

ஈனிடுக்கு அது நின்றதேயில்லை. லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால், "பாலக் கீரை சாப்பிட்டீர்களா, மேத்திக் கீரை சாப்பிட்டீர்களா, அதெல்லாம் எண்ணைக் கெடுத்துவிடுமே" என்று விசாரணை நடக்கும். காலமெல்லாம் பிள்ளைகளை மிரட்டிய டீச்சர், மார்க் குறைந்த பிள்ளையாய்த் தலைகுனிந்து வருவாள்.

2006இல் மாமியின் மகன் அச்சுதன் அமெரிக்காவிலிருந்து ஒரு மெஷின் அனுப்பினான். விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்தால் எண் வந்துவிடும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மாமி காபியோடு அதையும் காட்டினாள்.

"இன்னிக்கும் ரெண்டு புள்ளி ஏழுதான் டீச்சர். அசையவே மாட்டேங்கறது."

ஈனிடுக்கு வயிறு எரிந்தது. மெஷினைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்த அசையாத எண்ணைத்தான் பொறுக்க முடியவில்லை. சர்ச்சில் கண்ணை மூடினாலும் அதுவே வந்து நின்றது.

ஒருநாள் மாமியின் முழங்கை கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. "கதவுல லேசா இடிச்சுண்டேன். பல் தேய்ச்சாலும் ரத்தம் வர்றது" என்றாள்.

மெஷின் பொய் சொல்கிறது! ஈனிடின் மனம் துள்ளியது.

"மாமி, நாளைக்கு என்கூட லேபுக்கு வாங்க. உங்க மெஷின் சொல்லுதத லேப்காரனும் சொல்லுதானான்னு பாத்திருவோம்."

"எதுக்கு? அதான் ஆத்துலயே இருக்கே."

"பயமா இருக்கோ?"

ரோஷத்தோடு மாமி ரிக்ஷா ஏறினாள். மறுபடி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் லேபிலிருந்து போன்: எண் ஏழைத் தாண்டிவிட்டது, உடனே ஆஸ்பத்திரியில் சேருங்கள். ஈனிட் ஆசைப்பட்டதுதான் நடந்தது. ஆனால் அவள் மாமியின் துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு ரிக்ஷா பிடிக்க ஓடினாள்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. அந்த ஸ்ட்ரிப்புகள் தப்பாகக் காட்டுகின்றன என்று கம்பெனியே திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பொய் எண்ணை நம்பித்தான் மாமி மாத்திரையைக் குறைக்காமலிருந்திருக்கிறாள்.

மாமி பிழைத்து வீடு திரும்பினாள். அச்சுதன் ஈனிடுக்கு போன் செய்தான். "ஆன்ட்டி, நீங்க இல்லேன்னா எங்கம்மா இல்லை" என்று அழுதான்.

ஈனிட் போனை வைத்தாள். அவள் மகன் ஜெரோஷ் இருப்பது இதே ஊரில், பாணேரில். எண் என்ன என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. எரிச்சல் மெஷின்மேலும் இல்லை, எண்மேலும் இல்லை, அதை அனுப்ப மாமிக்கு ஒரு மகன் இருந்ததன்மேல்தான் என்று அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. ஜெரோஷுக்குப் போன் போட்டாள்.

"திங்கக்கிழமை லேபுக்குப் போணும். கூட வாரியாப்பா?"

"ஆபீஸ் இருக்கும்மா. ட்ரை பண்றேன்."

அவன் வரவில்லை. கீழே ரிக்ஷாவை நிறுத்திவைத்துக்கொண்டு, "டீச்சர், வாங்கோ, நாழியாச்சு" என்று கூப்பிட்டது மாமிதான். பொறாமை முழுசாகத் தீர்ந்திருக்கவில்லை. இருந்தாலும் ஈனிட் இறங்கிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.